கர்ப்பிணி எப்படிப் படுக்க வேண்டும்?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் 2006 ஜூலை முதல் 2009 ஜூன் வரை ஒரு துயரமான கணக்கெடுப்பு நடந்தது. கர்ப்பம் 28 வாரத்தைக் கடந்த பிறகு குழந்தையை வயிற்றிலேயே பறிகொடுத்த 155 தாய்மாரை ஆய்வாளர்கள் சந்தித்துப் பேசினார்கள். அதே கர்ப்ப காலத்தில், குழந்தை நலமாக இருந்த 310 கர்ப்பிணிகளிடமும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். புகைப்பழக்கம், உடல் எடை, முந்தைய பிரசவங்கள் என்று வழக்கமாகக் கேட்பவற்றோடு, அதுவரை மகப்பேறு ஆய்வாளர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளாத ஒரு கேள்வியும் அதில் இருந்தது. கடைசி இரவில் எப்படிப் படுத்துத் தூங்கினீர்கள்?

ஆய்வை முன்னின்று நடத்திய தொமசீனா ஸ்டேசி, பிரசவம் பார்க்கும் செவிலியராக இருந்து ஆய்வாளரானவர். குழுவில் எட் மிட்செல் என்ற குழந்தை மருத்துவரும் இருந்தார். பச்சிளங்குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தால் அது உறக்கத்திலேயே இறந்துபோகும் ஆபத்து கூடுகிறது என்று 1980களின் இறுதியில் நியூசிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. அதை நடத்தியவர்களில் மிட்செல் முக்கியமானவர். பிறந்த குழந்தை படுக்கும் விதம் அதன் உயிரைத் தீர்மானிக்கும் என்றால், பிறக்காத குழந்தைக்குத் தாய் படுக்கும் விதம் ஒரு பொருட்டாக இருக்காதா என்று கேட்பது நியாயம்தான்.

விடை 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. கடைசி இரவில் மல்லாந்து படுத்துத் தூங்கிய பெண்களிடம் குழந்தை இறந்து பிறக்கும் வாய்ப்பு, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தவர்களைவிட சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. இந்த மடங்குக் கணக்கைக் கேட்டுப் பயந்துவிடக் கூடாது; அடிப்படை எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இடப்பக்கமாகப் படுத்தவர்களில் ஆயிரம் கர்ப்பத்துக்கு 1.96 குழந்தைகள் இறந்து பிறந்தன. இடப்பக்கம் அல்லாமல் வேறு எப்படிப் படுத்தவர்களிடமும் அது 3.93. அதாவது மற்ற விதங்களில் படுத்தவர்களிலும் ஆயிரத்தில் 996 பேருக்குக் குழந்தை உயிரோடு பிறந்தது.

ஆய்வு வெளிவந்ததும் சந்தேகங்களும் எழுந்தன. குழந்தையைப் பறிகொடுத்த தாய் அந்தக் கடைசி இரவை ஆயிரம் முறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பாள். அவள் நினைவை அப்படியே நம்பலாமா? ஒரே ஒரு நகரத்தின் ஆய்வை வைத்து உலகத்துப் பெண்களுக்கெல்லாம் அறிவுரை சொல்லலாமா? இரண்டுமே நியாயமான கேள்விகள். விடை தேடி வேறு இடங்களிலும் ஆய்வுகள் தொடங்கின. கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள கோர்லே பூ மருத்துவமனையில் நடந்து 2013இல் வெளியான ஆய்வும், சிட்னியில் நடந்த ஆய்வும் அதே திசையைக் காட்டின. இங்கிலாந்தின் 41 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அதிலும் மல்லாந்து தூங்கப்போனவர்களுக்கு ஆபத்து 2.3 மடங்காக இருந்தது.

2019இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரிட்டன் உள்ளிட்ட இடங்களில் நடந்த ஐந்து ஆய்வுகளின் மூலத் தரவுகளை ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். குழந்தையை இழந்த 851 பெண்கள், குழந்தை நலமாக இருந்த 2,257 பெண்கள் அதில் இடம்பெற்றார்கள். புகைப்பழக்கம், உடல் பருமன், வயது எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், மல்லாந்து தூங்கப்போவதன் ஆபத்து 2.63 மடங்காக நின்றது. 28 வாரத்துக்குப் பின் எல்லாக் கர்ப்பிணிகளும் பக்கவாட்டில் படுத்தால் இப்படிப்பட்ட இறப்புகளில் 5.8 விழுக்காட்டைத் தவிர்க்கலாம் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது.

சிறிய எண்தான். ஆனால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் குழந்தைகள் இறந்து பிறப்பதாக ஐ.நா. அமைப்புகள் 2020இல் கணக்கிட்டன. அதாவது 16 நொடிக்கு ஒன்று. எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்கு. மருந்தோ கருவியோ செலவோ இல்லாமல், படுக்கும் விதத்தை மாற்றுவதால் மட்டும் அதில் ஒரு சிறு பங்கையாவது குறைக்க முடியும் என்றால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதுகெலும்புக்கும் கர்ப்பப்பைக்கும் நடுவே

மல்லாந்து படுத்தால் உள்ளே என்னதான் நடக்கிறது? கர்ப்பம் இல்லாதபோது கர்ப்பப்பை சுமார் 70 கிராம் எடைதான். பிரசவம் நெருங்கும்போது கர்ப்பப்பைச் சுவர் மட்டுமே ஒரு கிலோவைத் தாண்டிவிடும். குழந்தை, நஞ்சுக்கொடி, பனிக்குட நீர் எல்லாம் சேர்ந்தால் வயிற்றுக்குள் ஐந்து கிலோ அளவுக்குப் பாரம். இந்தக் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. தாயின் உடலில் ரத்தத்தின் அளவே 40 முதல் 50 விழுக்காடு கூடிவிடுகிறது.

கால்களிலிருந்தும் இடுப்பிலிருந்தும் இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் பெரிய குழாய்க்குக் கீழ்ப்பெருஞ்சிரை என்று பெயர். அது முதுகெலும்பை ஒட்டி, சற்று வலப்பக்கமாக மேலேறுகிறது. சிரை என்பதால் சுவர் மெல்லியது. உள்ளே ஓடும் ரத்தத்தின் அழுத்தமும் குறைவு. பக்கத்திலேயே இடப்புறமாக இறங்கும் பெருந்தமனியோ தடித்த சுவர் கொண்டது, எளிதில் நசுங்காது. நிறைகர்ப்பிணி மல்லாந்து படுக்கும்போது அந்த ஐந்து கிலோவும் நேராக இந்த மெல்லிய சிரையின்மேல் அமர்கிறது.

மருத்துவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. நிறைமாதத்தில் மல்லாந்து படுத்ததும் சில பெண்களுக்குத் தலைசுற்றி, வியர்த்து, ரத்த அழுத்தம் சரிவதை அமெரிக்க மருத்துவர்கள் மூவர் 1953இலேயே பெயரிட்டு விவரித்துவிட்டார்கள். அதனால்தான் சிசேரியன் அறையில் மயக்க மருத்துவர் மேசையைச் சற்றே இடப்பக்கம் சாய்ப்பதும், கர்ப்பிணியின் வல இடுப்புக்குக் கீழே சிறு திண்டு செருகுவதும் வழக்கமாயிற்று. ஆனால் இப்படி வெளிப்படையாக மயக்கம் வருவது பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். மற்றவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள்.

அந்த எண்ணத்தை எம்.ஆர்.ஐ. படங்கள் மாற்றின. ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் எந்த நோயும் இல்லாத நிறைகர்ப்பிணிகளை இடப்பக்கமாகவும் மல்லாந்தும் படுக்கவைத்து ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். மல்லாந்து படுத்தபோது, கீழ்ப்பெருஞ்சிரை தொடங்கும் இடத்தில் ரத்த ஓட்டம் சுமார் 85 விழுக்காடு குறைந்திருந்தது. இதயம் வெளியேற்றும் ரத்தமும் 16 விழுக்காடு குறைந்தது. எந்தப் பெண்ணும் மயங்கவில்லை. காரணம், முதுகெலும்பை ஒட்டி மேலேறும் அசைகஸ் என்ற சிறு சிரையில் ஓட்டம் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகியிருந்தது. ஆற்றில் அடைப்பு விழுந்ததும் பக்கத்து வாய்க்கால்கள் கரை புரள்வதுபோல, உடல் மாற்றுவழியைத் திறந்துகொண்டது. அதனால்தான் பெரும்பாலான தாய்மாருக்கு எதுவும் தெரிவதில்லை.

தாய்க்குத் தெரியாவிட்டாலும் குழந்தைக்குத் தெரிகிறது. பேராசிரியர் பீட்டர் ஸ்டோனின் குழு, 29 கர்ப்பிணிகளை வெவ்வேறு விதமாகப் படுக்கவைத்து வயிற்றுக்குள் இருக்கும் குழந்தையின் இதயத்துடிப்பையும் அசைவையும் தொடர்ந்து பதிவுசெய்து 2017இல் வெளியிட்டது. தாய் மல்லாந்து படுத்திருந்தபோது குழந்தை அசைவைக் குறைத்துக்கொண்டு, அசையாமல் கிடக்கும் அமைதி நிலைக்கு அதிகமாகப் போனது. தாய் திரும்பிப் படுத்ததும் மறுபடி சுறுசுறுப்பானது. அமைதி நிலையில் ஆக்சிஜன் செலவு குறைவு. வரத்துக் குறைந்ததால் குழந்தை தன் செலவைச் சுருக்கிக்கொண்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். பிறந்த குழந்தைகளின் எடையும் இதோடு ஒத்துப்போகிறது. 28 வாரத்துக்குப் பின் மல்லாந்து தூங்கப்போவதாகச் சொன்னவர்களின் குழந்தைகள் மற்ற குழந்தைகளைவிடச் சராசரியாக 144 கிராம் எடை குறைவாகப் பிறந்தன என்று 2019இல் மற்றோர் ஆய்வு காட்டியது.

திடமான குழந்தை இந்தக் குறைவைச் சமாளித்துவிடும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் ஏற்கெனவே வளர்ச்சி குன்றிய குழந்தைக்கு, அதே குறைவு தாங்க முடியாததாகிவிடக்கூடும். தாயின் உடல்நிலை, குழந்தையின் திடம், அந்த இரவின் நெருக்கடி என மூன்றும் ஒருசேரக் கூடும்போதுதான் ஆபத்து என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மல்லாந்து படுத்த எத்தனையோ பெண்களுக்கு நல்லபடியாகக் குழந்தை பிறப்பதற்கும் இதுவே விளக்கம். குழந்தையை இழந்த தாய் ஒருத்தி இதைப் படித்துத் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. மேலே சொன்ன 5.8 விழுக்காட்டுக் கணக்கின்படி, பெரும்பாலான இறப்புகளுக்கும் படுக்கும் விதத்துக்கும் தொடர்பே இல்லை.

வளைகாப்புக்குப் பிறகு

எப்போதிலிருந்து கவனமாக இருக்க வேண்டும்? 28 வாரம் என்பது ஏழாம் மாதம். நம் வீடுகளில் வளைகாப்பு நடந்து, பெண் தாய்வீட்டுக்குப் போகும் பருவம் அது. அதற்கு முன் எந்த விதமாகப் படுத்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 8,700க்கும் மேற்பட்ட பெண்களை முன்கூட்டியே சேர்த்துப் பின்தொடர்ந்த ஆய்வு, 30 வாரம் வரை படுக்கும் விதத்தால் குழந்தைக்கு எந்தக் கெடுதலும் நேரவில்லை என்று 2019இல் காட்டியது. ஆரம்ப மாதங்களில் குப்புறப் படுத்துத் தூங்கிவிட்டதாகக் கலங்கும் பெண்களுக்கு இது ஆறுதலான செய்தி. அப்போது கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த கேள்வி, இடமா வலமா? 'இடப்பக்கம் மட்டும்தான் படுக்கணும்' என்ற அறிவுரை மருத்துவமனைகளிலும் வீடுகளிலும் பரவலாகக் கேட்கிறது. பெருஞ்சிரை வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம் படுப்பது நல்லது என்ற உடற்கூற்றுக் காரணம் சரிதான். ஆனால் ஐந்து ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, குழந்தை இறந்து பிறக்கும் ஆபத்தில் இடத்துக்கும் வலத்துக்கும் வேறுபாடு இல்லை. ஒரே பக்கமாகப் படுத்துப் படுத்து இடுப்பு கடுத்து, தோள் மரத்து, விடிய விடியத் தூங்காமல் கிடப்பதைவிட, தோன்றும்போது மறுபக்கம் திரும்பிக்கொள்வதே நல்லது.

மூன்றாவது கேள்விதான் பலரை இரவெல்லாம் விழிக்கவைக்கிறது: தூக்கத்தில் தெரியாமல் மல்லாந்துவிட்டால்? பயப்பட வேண்டாம். ஆய்வுகள் அளந்ததெல்லாம் தூங்கப்போகும்போது படுக்கும் விதத்தைத்தான். இரவில் நாம் அதிக நேரம் கிடப்பது அந்த நிலையில்தான். நடுவில் விழிப்பு வந்து, மல்லாந்து கிடப்பது தெரிந்தால் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு தூங்கினால் போதும். சிறுநீர் கழிக்க எழுந்துவிட்டு மறுபடி படுக்கும்போதும், மதியம் கண்ணயரும்போதும் இதே விதிதான். பிரிட்டனில் டாமிஸ் என்ற தொண்டு நிறுவனம் 2017இல் தொடங்கிய இயக்கம் இந்த ஒரே செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. 2021இல் பிரிட்டனின் கர்ப்பகாலப் பராமரிப்பு வழிகாட்டு நெறியிலும் அது இடம்பெற்றது.

தமிழ்நாட்டு வீடுகளில் மூத்த பெண்கள் சொல்லிவரும் இரண்டு விஷயங்களை இங்கே எடுத்துப் பார்க்க வேண்டும். 'மல்லாந்து படுக்காதே, மூச்சு முட்டும்' என்பது ஒன்று. நிறைமாதத்துக்கு அது சரியான அறிவுரை. இன்னொன்று, 'எந்திரிச்சு உக்காந்து அந்தப் பக்கம் திரும்பிப் படும்மா, இல்லேன்னா புள்ளைக்குக் கொடி சுத்திக்கும்' என்பது. இதை நம்பி ஒவ்வொரு இரவும் ஐந்தாறு முறை எழுந்து உட்கார்ந்து, தூக்கம் கலைந்து போகும் பெண்கள் எத்தனையோ பேர். கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியபடி பிறப்பது நான்கு குழந்தைகளில் ஒன்றுக்கு நேர்வது. பெரும்பாலும் அதனால் தீங்கு வருவதில்லை. பனிக்குட நீருக்குள் குழந்தை தானே புரண்டு, குட்டிக்கரணம் போட்டு விளையாடுவதால் சுற்றிக்கொள்வது அது. தாய் எழுந்து திரும்பினாலும் படுத்தபடியே திரும்பினாலும் கொடிக்கு ஒன்றுதான். பாரமான வயிற்றோடு திரும்பும்போது முழங்கால்களை மடக்கி ஒன்றாக வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் சேர்ந்து உருளும்படி மெதுவாகத் திரும்பினால் முதுகு பிடிக்காது. அவ்வளவே தேவை.

தலையணையை எங்கே வைப்பது?

கர்ப்பிணிகளுக்கென்று நீளமான, வளைந்த தலையணைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. வசதி இருந்தால் வாங்கலாம். இல்லாவிட்டால் வீட்டில் இருப்பதே போதும். முழங்கால்களை லேசாக மடக்கி, இரண்டுக்கும் நடுவே ஓர் இலவம்பஞ்சுத் தலையணையை வைக்க வேண்டும். அது முழங்காலோடு நின்றுவிடாமல் கணுக்கால் வரை நீள வேண்டும். அப்போதுதான் மேல்கால் சரிந்து இடுப்பை இழுக்காது. தொங்கும் வயிற்றுக்கு அடியில் நான்காக மடித்த பழைய பருத்திச் சேலையைச் செருகினால் அடிவயிற்றின் இழுவை குறையும். முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையை ஒட்டி வைத்தால், தூக்கத்தில் புரளும்போது முழுதாக மல்லாந்துவிடாமல் உடல் சாய்வாக நிற்கும்.

எவ்வளவு சாய்வு போதும் என்பதற்கும் அளவு இருக்கிறது. ஜப்பானில் 2015இல் எம்.ஆர்.ஐ. கொண்டு அளந்தபோது, கர்ப்பிணியை 15 டிகிரி சாய்த்ததால் பெருஞ்சிரை விரியவே இல்லை. 30 டிகிரி சாய்த்தபோதுதான் ஓரளவு விரிந்தது. ஆகவே இடுப்புக்குக் கீழே மெல்லிய துணி ஒன்றைச் செருகிக்கொண்டு மல்லாந்து படுப்பது பக்கவாட்டில் படுப்பதற்கு ஈடாகாது.

கட்டிலா, தரையில் பாயா என்பது அவரவர் வசதி. தரையில் படுப்பவர் எழும்போது நேராக நிமிர்ந்து எழாமல், முதலில் பக்கவாட்டில் திரும்பி, முழங்கையை ஊன்றி உட்கார்ந்து, பிறகு நாற்காலியையோ சுவரையோ பிடித்து எழ வேண்டும். படுத்த நிலையிலிருந்து விருட்டென்று எழுந்தால் தலைசுற்றும். தரை கடினமாக இருந்து இடுப்பெலும்பு அழுந்தினால், பாய்க்கு மேல் கனத்த ஜமக்காளம் ஒன்றை மடித்து விரித்துக்கொள்ளலாம்.

இரவைக் கெடுக்கும் மற்றவை

சரியான விதத்தில் படுத்தாலும் தூக்கம் வந்துவிடுவதில்லை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பெருகும் புரோஜெஸ்டிரான் ஹார்மோன் பகலெல்லாம் கண்ணைச் சொருகவைக்கிறது. பின்னர் அதே ஹார்மோன்தான் இரைப்பையின் வாயை இறுக்கி வைத்திருக்கும் தசையைத் தளர்த்தி, படுத்ததும் நெஞ்செரிச்சலைக் கிளப்புகிறது. இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன்பே, கொஞ்சமாக முடித்துக்கொள்வதும், தலைமாட்டை உயர்த்திக்கொள்வதும் உதவும். இங்கேதான் இடப்பக்கத்துக்கு உண்மையான சிறப்பு இருக்கிறது. இடப்பக்கம் படுத்தால் இரைப்பையின் அமிலம் உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே தேங்கி நிற்கும். வலப்பக்கம் படுத்தால் மேலேறி வரும்.

அடிக்கடி சிறுநீர் வருவதற்குக் கர்ப்பப்பை அழுத்துவது மட்டும் காரணமல்ல. கர்ப்பிணியின் சிறுநீரகங்கள் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேகத்தில் ரத்தத்தை வடிகட்டுகின்றன. பகலில் கால்களில் தேங்கிய நீரும், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி வெளியேறப் பார்க்கிறது. மாலையில் கொஞ்ச நேரம் காலை நீட்டிப் பக்கவாட்டில் படுத்திருந்தால் அந்த நீர் தூங்குவதற்கு முன்பே வடிந்துவிடும். தண்ணீரைப் பகலில் நிறையக் குடித்து, படுக்கும் நேரத்தில் குறைத்துக்கொள்ளலாம். ஒரேயடியாகக் குறைக்கக் கூடாது. இரவில் எழுவதை எண்ணிக் கவலைப்படவும் வேண்டாம். ஆக்லாந்து ஆய்வில், கடைசி இரவில் ஒரு முறைக்கு மேல் கழிப்பறைக்கு எழுந்தவர்களைவிட, ஒரு முறை எழுந்தவர்களுக்கும் எழாதவர்களுக்குமே ஆபத்து அதிகமாக இருந்தது.

நடுராத்திரியில் கெண்டைக்கால் கல்போல் இறுகிப் பிடித்துக்கொள்வது இன்னொரு தொல்லை. குதிகாலை நீட்டி, பாதத்தைத் தன்பக்கம் மடக்கினால் சதை நீண்டு வலி விடும். இதிலிருந்து வேறுபட்டது, படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வதுபோலக் குறுகுறுத்து, காலை ஆட்டினால்தான் ஆறும் என்ற தவிப்பு. கர்ப்பிணிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் போய்விடுகிறது. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரிக்க இரும்புச்சத்து வேண்டும். அது குறையும்போது இந்தத் தவிப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 48.3 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. ஆகவே நம் ஊரில் கால் குறுகுறுப்பு என்று சொல்லும் கர்ப்பிணிக்கு முதலில் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்ப்பது அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை டீ, காபியோடு சேர்த்து விழுங்கினால் சத்து உடலில் சரியாகச் சேராது. கால்சியம் மாத்திரையையும் அதே வேளையில் போடாமல் வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று அறிகுறிகளை 'கர்ப்பத்தில் இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடக் கூடாது. முதலாவது, அதுவரை இல்லாத குறட்டை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1,719 கர்ப்பிணிகளிடம் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பத்தின்போது புதிதாகக் குறட்டை தொடங்கியவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு நிற்பவர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை நோயும் கூடுதலாக வருகிறது. குறட்டையைக் கேட்பவர் பக்கத்தில் படுத்திருப்பவர்தான். அதை மருத்துவரிடம் சொல்லும் பொறுப்பு கணவருக்கோ அம்மாவுக்கோ உண்டு. இரண்டாவது, தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் இரவில் கடுமையாக அரிப்பது. கல்லீரலில் பித்தம் தேங்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். பித்த அமிலம் மிக அதிகமானால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மூன்றாவது, விடாத தலைவலியோடும் பார்வை மங்கலோடும் தூங்க முடியாமல் கிடப்பது. ரத்த அழுத்தத்தை அன்றே பார்த்தாக வேண்டும்.

தூக்கம் போதாமல் போனால் என்ன ஆகும்? சான் பிரான்சிஸ்கோவில் முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 131 பெண்களைக் கேத்ரின் லீ, கேரில் கே என்ற ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்டார்கள். கடைசி மாதத்தில் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குப் பிரசவ வலி நீண்டது. சிசேரியன் நடக்கும் வாய்ப்பு 4.5 மடங்கு கூடியது. சிறிய ஆய்வுதான். தூக்கக் குறைவே காரணம் என்று அதைக் கொண்டு முடிவு கட்டவும் முடியாது. ஆனாலும் கர்ப்பிணி எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று மருத்துவர் கேட்க அதுவே போதுமான காரணம். தூக்கம் வராதவர்கள் மருந்துக்கடையில் தாங்களாகவே மாத்திரை கேட்டு வாங்கிப் போடக் கூடாது. மதியத்துக்குப் பின் டீ, காபியை நிறுத்துவது, மாலையில் நடப்பது, படுக்கும்போது கைபேசியைத் தள்ளி வைப்பது ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அதற்கும் மசியாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

வயிறு பெருத்த பெண் இரவில் எட்டு மணி நேரம் படுக்க வேண்டுமானால், காலையில் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கும் வேலையை வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும். தலையணையைச் சரியாக வைக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவுரையைவிட, பல வீடுகளில் இதுதான் முதலில் நடக்க வேண்டியது.

தமிழ்நாட்டில் இந்தச் செய்தியைக் கொண்டுசேர்க்க வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் பெயரோடு அறிவார். அங்கன்வாடிகள் மூலம் அரசு சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. மாலை போட்டு, வளையல் அடுக்கி, சாதம் பரிமாறும் அந்த விழா, இந்த அறிவுரை தேவைப்படும் மாதத்தை ஒட்டியே வருகிறது. அங்கே கூடும் கர்ப்பிணிகளிடமும், கூட வரும் மாமியாரிடமும் அம்மாவிடமும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இனி தூங்கப்போகும்போதெல்லாம் ஒருக்களித்துப் படுங்கள். இடமோ வலமோ, எது சுகமோ அது. நடுவில் மல்லாந்துவிட்டால் பயப்படாமல் திரும்பிப் படுங்கள். குழந்தை பிறந்த பிறகு, அதை மட்டும் எப்போதும் மல்லாக்கப் படுக்கவையுங்கள்.

இதோடு இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினால் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு காலைவரை பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. எந்த நேரமானாலும் அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி இல்லாவிட்டால் 108ஐ அழையுங்கள்.